பாட்டுக்குப் பத்திரம் எங்கே? வாய்க்குப் பூட்டு ஏன்?

ஒரு சொல் யாருக்குச் சொந்தம் என்று கேட்பது ஒரு சட்டம். ஒரு சொல் வெளிவரலாமா, கூடாதா என்று கேட்பது மற்றொரு சட்டம். முன்னையதற்குப் புலமைச் சொத்துச் சட்டம் என்று பெயர். பின்னையது இன்று நமது நாட்டிலே நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என வழங்குகிறது. இவையெல்லாம் கொழும்பிலே வழக்காடுவோர்க்கும் வணிகம் செய்வோர்க்கும் உரிய விடயங்கள். பலாங்கொடையிலே கொழுந்து பறிப்பவளுக்கும் எட்டியாந்தோட்டையிலே இறப்பர்ப் பால் வெட்டுகிறவனுக்கும் இவற்றால் ஆவதென்ன என்று நம்மிற் படித்தவர் சிலரே கேட்கக் காண்கிறோம். ஆவது நிறைய உண்டு. சப்ரகமுவ மலைகளிலே வாழும் தமிழ் மக்களுக்கு முதலாவது சட்டம் கொடுப்பது ஒன்றுமில்லை; இரண்டாவது சட்டமோ சிறைச்சாலையையும் கொடுக்க வல்லது. உரிமை கேட்டால் "பத்திரம் எங்கே?" என்று வினவும் அரசு, குற்றம் சுமத்தும்போது மட்டும் எப்பத்திரமும் கேட்பதில்லை. இந்த முரண்பாட்டையே இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பத்திரம் கேட்கும் பழக்கம் இந்நாட்டு ஆட்சியாளருக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளியைப் பார்த்து என்ன கேட்டது? உன் தந்தை இலங்கையிலே பிறந்தானா? இல்லையேல் உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? பிறந்தார்களாயின் அதற்குச் சான்று எங்கே? காட்டை அழித்து, பாதை வெட்டி, தேயிலையும் இறப்பரும் நட்டவனிடம் கையிலே காய்ப்பு இருந்தது, காகிதம் இருக்கவில்லை. ஆகவே அவன் நாடற்றவனானான். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று இரு அரசுகளும் கணக்குப் போட்டுக்கொண்டன. மனிதருக்குப் பத்திரம் கேட்ட அந்த மனப்பான்மையே இன்று அம்மனிதரின் பாட்டுக்கும் பத்திரம் கேட்டு நிற்கிறது.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவன் ஒரு நூலை எழுதினால், அவன் வாழ்நாள் முழுவதும், அவன் இறந்தபின் 70 ஆண்டுகளும் அதன் மீது அவனுக்கும் அவன் வழித்தோன்றல்களுக்கும் உரிமை உண்டு. நன்று. ஆனால் பெயர் தெரியாத ஒருத்தி கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு பாடிய பாட்டுக்கு ஆக்கியோன் யார்? மாசி மாதத்திலே தோட்டந்தோறும் ஆடப்படும் காமன் கூத்துக்கு ஆக்கியோன் யார்? பல தலைமுறையாக வாய்வழி வந்த இக்கலைகளை இச்சட்டம் அறவே மறந்துவிட்டதென்று சொல்லமாட்டோம். நாட்டார் வெளிப்பாடுகளுக்கு அதிலே தனிப் பாதுகாப்பு உண்டு. ஆயின், அவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்த விரும்புவோன் அனுமதி பெறவேண்டியது, அமைச்சர் தீர்மானிக்கும் ஓர் அதிகாரபீடத்திடம். பாடிய மக்களிடம் அல்ல. வரும் பணமும் பண்பாட்டு வளர்ச்சி என்ற பொதுப் பெயரிலே அரசின் கைக்கே செல்கிறது. லயத்திலே பிறந்த பாட்டுக்குச் சொந்தக்காரர் கொழும்புக் காரியாலயத்திலே இருக்கிறார் என்றால், இதைப் பாதுகாப்பு என்பதா, பறிமுதல் என்பதா?

இது வெறுங் கற்பனை வாதம் என்று எண்ணுவோர் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததை நினைவு கூர்க. 2021 மார்ச்சிலே தமிழகத்திலிருந்து வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' என்ற பாடல் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் செவியிலே விழுந்தது. அதை எழுதிப் பாடிய அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே உழைத்துப் பின் தமிழகம் திரும்பிய தம் பாட்டியின் வாழ்க்கையே அப்பாட்டுக்கு ஊற்று என்று சொன்னார். உழுதவனுக்கு நிலம் சொந்தமாகாத கதை அது. அந்தப் பாட்டுக்கே என்ன நேர்ந்தது? அது யாருடைய ஆக்கம் என்பது பற்றி 2022இலே அறிவும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் பகிரங்கமாக மாறுபட்டனர். அதனால் கிடைக்கவேண்டிய வருமானம் பற்றி, அதை வெளியிட்ட நிறுவனத்தோடு 2024இலே வேறொரு தகராறு எழுந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது நமது வேலையன்று. நாம் காண்பது ஒன்றே: கவிஞரும் இசைவாணரும் நிறுவனமும் பங்கு பற்றிப் பேசினர், எந்த மலையிலே அந்த ஊற்று பிறந்ததோ அந்த மலைக்குப் பங்கு உண்டா என்ற கேள்விக்கு எந்தச் சட்டத்திலும் இடமிருக்கவில்லை.

பெயரைக் காக்க அரசுக்கு வழி தெரியாதா? நன்றாகத் தெரியும். இலங்கைத் தேயிலைச் சபை, சிங்க முத்திரையைத் தன் உடைமையாகப் பதிவு செய்து, இந்நாட்டிலே பொதிசெய்யப்பட்ட தூய இலங்கைத் தேயிலைக்கன்றி வேறெதற்கும் அம்முத்திரையை வழங்க மறுக்கிறது. 'சிலோன் கறுவா' என்ற பெயருக்கு 2022 பெப்ரவரியிலே ஐரோப்பிய ஒன்றியத்தின் புவியியற் குறியீட்டுப் பாதுகாப்புக் கிடைத்தது. அதே ஆண்டிலே அக்குறியீடுகளைப் பதிவு செய்வதற்கென்றே சட்டம் திருத்தப்பட்டது. இரத்தினபுரி மாவட்டத்துச் சிற்றுடைமைத் தேயிலை விவசாயிக்கு இதனால் நன்மை உண்டு, வரவேற்கிறோம். ஒருவரும் தனியே ஆக்காத, ஓர் ஊரார் பலர் கூடி ஆக்கிய பெயருக்குக் கூட்டுரிமை உண்டு என்று சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதே இதன் பொருள். தேயிலையின் பெயருக்குப் பொருந்தும் நியாயம், அத்தேயிலையைப் பறித்தவளின் பாட்டுக்கு மட்டும் பொருந்தாதது எங்ஙனம்?

இனி, பத்திரம் கேளாத சட்டத்துக்கு வருவோம்.

நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2023 செப்டெம்பரிலே வர்த்தமானியில் வெளியிடப்பட்டது. எதிர்த்து மனுக்கள் குவிந்தன. பல பிரிவுகள் திருத்தப்படாவிடின் சாதாரணப் பெரும்பான்மையால் இது நிறைவேற இயலாது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2024 ஜனவரி 24ஆந் திகதி 108 வாக்குகள் ஆதரவாகவும் 62 வாக்குகள் எதிராகவும் விழ, நாடாளுமன்றம் அதனை நிறைவேற்றிற்று. பெப்ரவரி 1ஆந் திகதி சபாநாயகர் கையொப்பமிட, அது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாயிற்று. நீதிமன்றம் கூறிய திருத்தங்கள் யாவும் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சியினர் மட்டுமன்றி, அரசினால் அமைக்கப்பட்ட மனித உரிமைகள் ஆணைக்குழுவும் சுட்டிக்காட்டியது. சட்டத்தை மீறாதே என்று குடிமகனுக்குச் சொல்லவந்த சட்டம், தான் பிறக்கும்போதே நீதிமன்றத்தின் சொல்லை முழுமையாகக் கேட்கவில்லை என்ற பழியோடு பிறந்தது.

இச்சட்டத்தின்படி சனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழு ஒன்று உண்டு. அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதல் அந்நியமனத்துக்கு வேண்டும் என்பது ஓர் ஆறுதல். ஒரு கூற்று பொய்யானது, தீங்கானது என்று அவ்வாணைக்குழு கருதினால் அதை 24 மணி நேரத்துள் அகற்றுமாறு அறிவித்தல் விடுக்கலாம். நாட்டின் பாதுகாப்புக்கோ பொது ஒழுங்குக்கோ அச்சுறுத்தலான பொய்க் கூற்று என்று நீதிமன்றம் கண்டால் ஐந்தாண்டு வரை சிறை.

நியாயமாகப் பேசுவோம். பொய் என்று அறிந்தே ஏமாற்றும் நோக்குடன் சொல்வதையே சட்டம் பொய்க் கூற்று என்கிறது. நல்லெண்ணத்துடன் செய்த எச்சரிக்கையையும் கருத்தையும் அது விலக்கியே வைத்திருக்கிறது. ஏட்டிலே இது நல்ல வேலிதான். ஆனால் அந்த வேலி யாருக்குப் பயன்படும்? வழக்கறிஞரை அமர்த்தி, தன் உள்ளத்தின் நோக்கம் இன்னதென்று நீதவான் முன் நிறுவ வல்லவனுக்கு. நாட்கூலிக்கு நிற்பவனுக்கு நீதிமன்றம் செல்லும் ஒவ்வொரு நாளும் ஒரு நாட் சம்பளம் போகும். சப்ரகமுவ நீதிமன்றங்களின் மொழி சிங்களம். விடுதலை ஈற்றிலே கிடைக்கலாம். அதற்கு முன் அவன் கொடுக்கும் விலை தண்டனைக்குக் குறைந்ததன்று.

2016 மே 17ஆந் திகதியை எண்ணிப் பாருங்கள். அன்று கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலே மலை சரிந்து ஊர்களை மூடியது. அதே நாளிலே புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலே லயங்களின் மேல் மண் விழுந்து நம்மவர் மாண்டனர். 2025 நவம்பரிலே வந்த டித்வா புயலின்போதும் கேகாலை மலைகள் சரிந்தன. நாட்டிலே அவசரகால நிலை பிரகடனமாயிற்று. இத்தகைய இரவொன்றிலே, மேலேயுள்ள சுவரிலே வெடிப்புக் கண்ட ஓர் இளைஞன், "மலை நகர்கிறது, எல்லாரும் கோயிலடிக்கு ஓடுங்கள், நிருவாகத்துக்குச் சொல்லியும் ஒருவரும் வரவில்லை" என்று கைத்தொலைபேசியிலே செய்தி அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். விடிந்தபின் மலை சரியவில்லை. அவன் சொன்னது எச்சரிக்கையா? பீதி கிளப்பும் பொய்யா? நிருவாகத்தின் மீது அவதூறா? இக்கேள்வி தன் மேல் வரக்கூடும் என்று அறிந்தவன், அடுத்த மழைக்கு வாய் திறவான். அவனைச் சிறையிடத் தேவையில்லை. சிறை உண்டு என்ற நினைவே போதும். அவ்வச்சத்தின் விலை உயிர்.

"அப்படியாயின் இனவெறியைத் தூண்டும் பொய்யை என்ன செய்வது?" என்று கேட்போர் உளர். அவர்கள் கேள்வி மதிக்கத் தக்கது. வதந்தி எத்தகைய நஞ்சு என்பதைச் சப்ரகமுவத் தமிழருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் 1983 ஜூலையிலும் இம்மாகாணத்துத் தோட்டங்களிலே லயங்கள் எரிந்தபோது கைத்தொலைபேசியும் இல்லை, முகநூலும் இல்லை. அன்று இல்லாதது, குற்றம் செய்தவனைப் பிடிக்கும் மனம். 2018 மார்ச்சிலே திகனவிலே முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டபோது இணையத்திலே வெறுப்புப் பரவியது உண்மை. அவ்வன்முறையிலே தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020இலே வருத்தமும் தெரிவித்தது. ஆனால் அன்றைய அரசு செய்தது யாது? நாடு முழுவதற்கும் சமூக ஊடகங்களை ஒரு வார அளவுக்கு மூடியது. 2019 ஏப்ரலிலே உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின் மறுபடியும் மூடியது. 2022 ஏப்ரல் 3ஆந் திகதி, வன்முறைக்காகவன்று, ஆட்சியை எதிர்த்து மக்கள் கூடுவார்கள் என்பதற்காகவே மூடியது. தீயணைக்க என்று செய்த கதவு, நான்கே ஆண்டுகளில் மக்களை அடைக்கும் கதவாயிற்று. அதற்கும் முன்னரே, 2007இலே, தமிழ்நெற் தளம் இந்நாட்டிலே தடுக்கப்பட்டதையும் தமிழ் வாசகர் மறந்திரார்.

வெறுப்புக்கு எதிரான சட்டங்கள் முன்பே இல்லாமலும் இல்லை. அவை யார் மேற் பாய்ந்தன என்பதே பார்க்கவேண்டியது. றம்சி ராசிக் என்பார் 2020 ஏப்ரலிலே முகநூலில் எழுதியதற்காகக் கைது செய்யப்பட்டு ஐந்து மாதம் அடைபட்டிருந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 நவம்பரிலே. 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூலை எழுதிய இளைஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டார். வன்முறையைக் கண்டித்த கவிதைகள் அவர் நூலிலே இருந்தும், அந்நூலே தீவிரவாதம் எனப்பட்டது. 19 மாதம் சிறையிலிருந்து பிணையிலே வந்தார். குற்றமற்றவர் என விடுதலையானது 2023 டிசம்பரிலே. தமிழறியாதவர் தமிழ்க் கவிதைக்குப் பொருள் சொன்னால் விளைவு இதுவாகும். ஒரு கவிஞனின் நூலைப் படித்தறிய மூன்றரை ஆண்டு எடுத்த அரசு, ஒரு தோட்டத் தொழிலாளியின் செய்தியை 24 மணி நேரத்திலே நிறுத்துப் பார்த்துவிடுமா?

இவ்விரு சட்டங்களும் தனித்தனிப் பாதையிலே நிற்பனவல்ல; ஒன்று மற்றொன்றாக மாறும் இயல்பும் உண்டு. சொத்துச் சட்டம் தண்டனைச் சட்டமாக மாறுவதைக் கேகாலை மாவட்டம் 1946இலேயே கண்டது. நேவ்ஸ்மயர் தோட்டம் குடியேற்றத்துக்கென அரசினால் எடுக்கப்பட்டபோது, அங்கே உழைத்து வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்கு வெளியேறும் அறிவித்தல் கொடுக்கப்பட்டது. வெளியேற மறுத்தவர்கள், தாம் வாழ்ந்த லயத்திலேயே அத்துமீறிப் புகுந்த குற்றவாளிகள் ஆக்கப்பட்டனர். இலங்கை இந்திய காங்கிரஸ் வேலைநிறுத்தத்திலே இறங்க நேர்ந்தது. உடைமை யாருடையது என்ற வழக்கு, உழைத்தவன் குற்றவாளி என்ற வழக்காக முடிந்தது.

நிலத்திலே நடந்தது இன்று இணையத்திலும் நடக்கிறது. சென்னையிலே நடந்ததைப் பாருங்கள். '3' என்ற திரைப்படத்தின் 'கொலவெறி'ப் பாடல் 2011 நவம்பரிலே இணையத்தின் வழியாகவே உலகப் புகழ் பெற்றது. 2012இலே அதே படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கவென்று, பெயர் தெரியாத எதிரிகளுக்கு எதிராகச் சென்னை உயர்நீதிமன்றத்திலே கட்டளை பெறப்பட்டது. அதைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் குறித்த பக்கங்களை மட்டுமன்றி முழுத் தளங்களையே மூடின. அப்படத்தோடு எவ்விதத் தொடர்புமற்ற இலட்சக்கணக்கானோரின் ஆக்கங்களும் கூடவே மறைந்தன. குறிப்பிட்ட பக்கத்தை மட்டுமே தடுக்கலாம் என்று 2012 ஜூனிலே நீதிமன்றம் தெளிவுபடுத்தவேண்டி வந்தது. பாடம் கற்றார்களா? 2017 ஆகஸ்டிலே இரு இந்திப் படங்களுக்காக அதே நீதிமன்றத்திலே பெற்ற கட்டளையால் 2,600க்கு மேற்பட்ட தளங்கள் தடுக்கப்பட்டன. பழைய நூல்களைப் பல இலட்சக் கணக்கிலே சேமித்து வைத்திருக்கும் இணையக் காப்பகமும் அவற்றிலே அகப்பட்டது. எலியைப் பிடிக்க வீட்டையே கொளுத்தியது போலாயிற்று.

இந்த நாட்டிலும் அது நிகழாதென்று யார் உறுதி கூறுவர்? 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மலையக ஆவணங்களையும் இணையத்திலே சேர்த்து வைத்திருக்கிறது. 1981இலே யாழ்ப்பாண நூலகம் எரிந்த சமூகத்துக்கு அது எத்தகைய செல்வம் என்று விரித்துரைக்க வேண்டியதில்லை. தெரணியகலையிலே, இறக்குவானையிலே, தமிழ் நூல் வாங்கக் கடையில்லாத ஊர்களிலே படிக்கும் பிள்ளைக்கு அதுவே நூல்நிலையம். ஒரு நூலின் உரிமை பற்றி ஒருவர் முறையிட, ஓர் அதிகாரி முழுத் தளத்தையும் மூடச் சொன்னால், இழப்பவர் யார்? பணமுள்ளவர் கடையிலே வாங்குவார். மலையிலே இருக்கும் பிள்ளைக்குத்தான் கதவு அடைபடும்.

2024இலே ஆட்சி மாறியபின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைத் திருத்தவேண்டும் என்ற பேச்சு ஆளுந் தரப்பிலேயும் எழுந்தது. திருத்தம் என்ற பெயரால் இரண்டொரு சொற்களை மாற்றுவது போதாது. நாம் கேட்பவை இவை. ஒன்று, எந்த முறைப்பாட்டிலும் குறித்த பக்கத்தையன்றி முழுத் தளத்தையோ நாட்டின் இணையத்தையோ மூடும் அதிகாரம் எவருக்கும் இருத்தலாகாது. இரண்டு, எழுதியவனைக் கேளாமல், நீதிமன்றக் கட்டளையின்றி, எதையும் அகற்றலாகாது. அறிவித்தலும் விசாரணையும் அவன் மொழியிலேயே இருத்தல் வேண்டும். தமிழ் அரச கரும மொழி என்று அரசியலமைப்பு 1987 முதல் சொல்லிவருகிறது. அதை அறிவித்தற் கடிதத்திலே காட்டுக. மூன்று, வன்முறையைத் தூண்டுவது தவிர்ந்த வேறெந்தச் சொல்லுக்கும் சிறைத் தண்டனை கூடாது. நான்கு, நாட்டார் கலைகளுக்கு அனுமதி வழங்கும் அதிகாரத்திலும் வரும் பணத்திலும் அக்கலைகளுக்குரிய மக்களுக்குப் பங்கு வேண்டும்.

அரசிடம் கேட்பதோடு நமது கடன் தீர்ந்துவிடாது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் திரட்டியிராவிடில் எத்தனையோ பாட்டுகள் பாடியவரோடு மண்ணுக்குள் போயிருக்கும். அப்பணி சப்ரகமுவவிலே முடிந்துவிடவில்லை. ஆசிரியர்களே, வழக்கறிஞர்களே, மருத்துவர்களே, உங்களிற் பலர் லயத்திலே பிறந்தவர்கள். உங்கள் தோட்டத்து முதியவள் பாடும் பாட்டைப் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் திகதியையும் தவறாது குறியுங்கள். அவருடைய சம்மதத்தையும் பெற்று, பலரும் காணும் இடத்திலே வையுங்கள். நாளை எவரேனும் அப்பாட்டைத் தமதென்று சொல்லி வந்தால் எடுத்துக்காட்ட ஒரு சான்று இருக்கட்டும். மழைக்காலத்திலே எச்சரிக்கை அனுப்பிய இளைஞனைப் பொலிஸார் அழைத்தால், அவனோடு கூடச் செல்ல ஒரு வழக்கறிஞர் இருக்கட்டும்.

நம் முன்னோரிடம் பத்திரம் இல்லாதபடியால் நாட்டை இழந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற பாட்டையும், இன்றைய தலைமுறை பேசும் பேச்சையும் அதே காரணத்தால் நாம் இழக்கலாகாது. பத்திரம் நாமே எழுதுவோம். பூட்டை அரசு திறக்கட்டும்.